சம்பங்கித் தூரைத் தோண்டிப் பிரித்தது: எட்டு வருட அனுபவம்

உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் 2017-இல் ஒற்றையடுக்குச் சம்பங்கி வைத்தேன். ஒரு சென்ட் கூட வராது. மண் முழுக்கக் கடற்கரை மணல். இதுவரை இரண்டு முறை தூரைத் தோண்டிப் பிரித்திருக்கிறேன். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

முதல் இரண்டு வருடம் பூவுக்குக் குறையே இல்லை. மூன்றாவது வருடம் இலை மட்டும் புல் மாதிரி மண்டியது. தண்டு குட்டை, பூவும் கொஞ்சம். சத்துப் போதவில்லை என்று ஆட்டு எருவை அள்ளிப் போட்டேன். இலைதான் இன்னும் தழைத்தது. விஷயம் மண்ணுக்கு அடியில் இருந்தது. ஒரு சம்பங்கிக் கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். அதன் பக்கத்தில் வைக்கிற குட்டிகள்தான் அடுத்தடுத்துப் பூக்க வேண்டும். குட்டிகள் நெருக்கியடித்தால் ஒன்றும் பருக்காது.

2020 ஐப்பசியில் தோண்டினேன். மழை வரப்போகிறது, தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்ற கணக்கு. மண்வெட்டி போட்டதில் கால்வாசிக் கிழங்கு வெட்டுப்பட்டது. அன்றே பிரித்து அன்றே நட்டேன். கார்த்திகை மழையில் வெட்டுப்பட்டவை அழுகிவிட்டன. பிழைத்தவையும் அடுத்த வருடம் ஏனோதானோவென்றுதான் பூத்தன. அயித்தை அப்போதே சொன்னார்: “கிழங்க ஆறப் போடணும்த்தா. பிடுங்குன கையோட ஊனுனா அது எப்படிப் பூக்கும்?”

2024-இல் அவர் சொன்னபடியே செய்தேன். சித்திரையில் எங்கள் கிணறு உவர்த்துப் போகும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் இலை நுனி கருகும். அதனால் அந்த மாதம் தண்ணீரை நிறுத்துவது இரண்டு வகையில் நல்லது: உவர்த்தண்ணீரும் படாது, கிழங்கும் ஓய்வுக்குப் போகும். இலை மஞ்சளாகிச் சாய்ந்ததும், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கடப்பாரையைக் குத்தி நெம்பினேன். மணல் மண் என்பதால் தூர் அப்படியே கட்டியாக எழும்பி வந்தது.

அதை உதறிப் பார்த்தால் நடுவில் பூத்து முடிந்த தாய்க்கிழங்கு, தேங்காய் நார் போலப் பழுப்பேறிக் கிடக்கிறது. அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு குட்டிகள். ஒரு தூரில் மட்டும் 31 எண்ணினேன். கத்தி தேவையில்லை, கட்டைவிரலை இடுக்கில் கொடுத்துத் திருகினால் ‘டக்’கென்று கழன்றுவிடும். மூன்று தூர்களின் வேரில் கடுகு கோத்தது போல முடிச்சுகள். அது நூற்புழு, கண்ணுக்குத் தெரியாத வேர்ப்புழுவின் வேலை, மணல் மண்ணில் அதிகம் வரும். அந்த மூன்றையும் தயங்காமல் எரித்துவிட்டேன். இங்கே மட்டும் ஆசைப்படாதீர்கள், ஒன்று போதும் பாத்தி முழுக்கப் பரவ.

அப்புறம் ஒரு மாதம் திண்ணை நிழலில் ஓலைப்பாயில் பரப்பி, நாலைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டிவிட்டேன். எனக்குக் கிடைத்த பலன் பெரும்பாலும் இந்த ஒரு மாதத்தால்தான் என்று நினைக்கிறேன். ஆனி முதல் வாரம், 25, 30 கிராம் இருக்கிற கிழங்குகளை மட்டும் எடுத்துப் புது இடத்தில், வேப்பம் பிண்ணாக்கு போட்டு நட்டேன். வரிசைக்கு ஒன்றரை அடி, கிழங்குக்கு முக்கால் அடி, மேலே ஓர் அங்குலம் மண். சின்ன வெங்காயம் அளவில் இருந்தவை தனிப் பாத்திக்குப் போயின. அவை அந்த வருடம் பூக்காது.

புரட்டாசியில் முதல் தண்டு வந்தது. சாயங்காலம் கொல்லைக் கதவைத் திறந்தாலே வாசம் அடுப்படி வரை வரும். நான்கு வருடம் கழித்து அந்த வாசம்!

தூரைப் பிரித்தால் எல்லாம் சரியாகிவிடாது. கோடையில் இலை நுனி இப்போதும் கருகத்தான் செய்கிறது. ஆடிக் கச்சான் காற்றில் தண்டு சாய்கிறது, பனைமட்டை ஊன்றிக் கட்டுகிறேன். ஆனால் அடுத்த முறை நான்கு வருடம் விடமாட்டேன். 2027 சித்திரையில் தோண்டுவதாக இருக்கிறேன். தனிப் பாத்திக் குட்டிகள் இப்போது பருத்துவிட்டன. அதில் ஒரு ஓலைப்பெட்டி நிறைய மண்டபத்து மதினிக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.