கடலோரக் கோணேசரும் ஆற்றங்கரை வேலாயுதரும்

"ஒரு நாள்தான் இருக்கிறது, எந்தக் கோயிலுக்குப் போகலாம்?" என்று வெளியூர் உறவினர் கேட்டால், திருகோணமலைக்காரர் நாம் யோசிக்காமல் கோணேசர் கோயிலைத்தான் சொல்வோம். நான் இப்போதெல்லாம் திருப்பி ஒன்று கேட்கிறேன்: கும்பிட்டுத் திரும்ப வேண்டுமா, நீரில் தோய்ந்து கும்பிட வேண்டுமா?

கும்பிட்டுத் திரும்ப என்றால் கோணேசர். நகரத்திலேயே இருக்கிறார். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் கோட்டைக்குப் போயின; அந்தக் கோட்டை வாசலைக் கடந்துதான் இன்றும் சுவாமியிடம் போகிறோம். வாசல் கல்லில் பொறித்த கயல் மீனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். மேலே மலையில், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் ஓரத்து மரத்தில், பிள்ளை வரம் கேட்டவர்கள் கட்டிய சின்னஞ்சிறு தொட்டில்கள் காற்றில் ஆடுகின்றன. கீழே செங்குத்தாகக் கடல். பார்க்கலாம், கேட்கலாம்; இறங்கித் தோய முடியாது. விடுமுறை நாளில் கூட்டமும் தள்ளும். விடியற்காலைப் பூசைக்குப் போவதே நல்லது.

வெருகல் சித்திர வேலாயுதர் கோயில் வேறு மாதிரி. மூதூரும் ஈச்சிலம்பற்றும் தாண்டி, மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றங்கரையில் இருக்கிறது. முன்பு இந்த வழியில் துறைக்குத் துறை மிதவைப் பாதையில் ஏறி, வாகனத்தோடு மிதந்து கடக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் வந்தது, பிறகு மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. இப்போது காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற சாமிமார் இந்த வழியாகத்தான் போகிறார்கள். ஒருமுறை அவர்கள் தங்கியிருந்த நாளில் போயிருந்தேன். வயதான அம்மா ஒருவர் கரையில் அமர்ந்து, கொப்புளம் வெடித்த பாதத்தைத் தண்ணீரில் வைத்தபடி கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் இரண்டு மரங்களுக்கிடையே கட்டிய காவிச் சேலை, இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத் தலையோடு, விபூதி பூசி, மணல் ஒட்டிய காலோடு அவர்களுடன் சந்நிதியில் நின்றேன். அந்த நிறைவு எனக்குக் கோணேசர் மலையில் கிடைத்ததில்லை. தோய்ந்து கும்பிட வேண்டுமென்றால் நான் தயங்காமல் வெருகலைத்தான் சொல்வேன்.

மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் ஆறு பெருகினால் வீதியையே மூடும். மற்ற நாட்களிலும் ஊரவர் தோய்கிற துறையில்தான் இறங்க வேண்டும்; முதலை இருக்கிற ஆறு.

நடக்கச் சிரமப்படும் முதியவர்களோடு வருகிறவர்களுக்குத் தம்பலகாமத்து ஆதிகோணேசர். கண்ணுக்கெட்டிய தூரம் வயல், ஏறுவதற்கு மலை இல்லை. கோணேசர் கோயில் இடிபாட்டுக்குத் தப்பிய மூர்த்தங்கள் அடைக்கலமான இடம் என்பது ஊர் நம்பிக்கை.

வெருகலுக்குப் போகிறவர்கள் மாற்றுடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ்ஸுக்கான நேரத்தைப் போகும்போதே நடத்துநரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.