அண்ணனின் கணினியும் சவுண்ட் டிரைவரும்: 16 மாத அனுபவம்

என் அண்ணனுக்குப் பார்வை இல்லை. கணினியை அவர் காதால்தான் படிக்கிறார். என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் திரையில் உள்ளதைக் குரலாகச் சொல்லச் சொல்ல, விசைப்பலகையில் கை வைத்தபடியே கடிதம் எழுதுவார், வங்கிக் கணக்கைப் பார்ப்பார், செய்தி படிப்பார். ஒலி போனால் நமக்குப் பாட்டு நிற்கும், அவ்வளவுதான். அவருக்குத் திரையே அணைந்துபோகும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி, வீட்டில் நானே பூட்டிக் கொடுத்த புதிய கணினியில் முதல் வாரமே அதுதான் நடந்தது.

விண்டோஸ் 11 ஏறி முடிந்ததும் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், எண்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். விண்டோஸிலேயே இருக்கும் திரைவாசிப்பானான நரேட்டர் உடனே பேசியது. எந்த டிரைவரும், அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் மென்பொருள் எதுவும், போடாமலேயே குரல் வந்ததில் அண்ணனுக்கு அத்தனை மகிழ்ச்சி. இன்டெல் 2004இல் கொண்டுவந்த எச்.டி. ஆடியோ என்ற பொது வரையறையைத்தான் மதர்போர்டுகள் (கணினியின் தாய்ப்பலகைகள்) பெரும்பாலும் பின்பற்றுகின்றன. அதனால் விண்டோஸில் உள்ள பொது டிரைவரே அடிப்படை ஒலியைத் தந்துவிடும்.

இணையத்தை இணைத்தேன். சிறிது நேரத்தில் திரை ஒரு நொடி கறுத்து மீண்டது. குரல் மட்டும் மீளவில்லை.

"என்னடா, பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது?" என்றார் அண்ணன்.

ஒலி அளவுக்கான பச்சைக் கோடு திரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒலி எங்கோ போகிறது, ஆனால் ஸ்பீக்கருக்குப் போகவில்லை என்று அதிலிருந்து புரிந்தது. கிராபிக்ஸ் டிரைவர் தானாக இறங்கும்போது, எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக ஒலி அனுப்பும் தன் சாதனத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து, அதையே முதன்மையாக்கிவிட்டது. எங்கள் மானிட்டரிலோ ஸ்பீக்கரே கிடையாது. சவுண்ட் அமைப்பில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, மானிட்டரின் பெயரை முடக்கி வைத்தேன். குரல் திரும்பியது. புதுக் கணினியில் சத்தம் இல்லை என்று யார் சொன்னாலும் முதலில் இதைப் பாருங்கள் என்றுதான் இன்றும் சொல்கிறேன்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகு வந்தது. கேபினெட்டின் முன்பக்கத் துளையில் ஹெட்போன் வேலை செய்யவில்லை. மதர்போர்டுக்கு உரிய டிரைவரைப் போட்டால் சரியாகும் என்று நினைத்து, மாடல் பெயரை மட்டும் பார்த்து ஒரு கோப்பை இறக்கினேன். அதே பெயரில் இரண்டு பதிப்புகள் இருப்பதையும், இரண்டிலும் ஒலிச் சிப் வேறு வேறு என்பதையும் நான் கவனிக்கவில்லை. மறுதொடக்கம் செய்ததும் ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. முழு மௌனம்.

இரண்டு நாள் அண்ணனுக்கு நான்தான் திரைவாசிப்பான். அவர் விசைகளை அழுத்த, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வங்கிப் பக்கம் வந்தபோது அவர் கையை எடுத்துவிட்டார். தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தம்பியின் வாயால் கேட்க அவருக்கு விருப்பமில்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை.

வழி, விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் கிடைத்தது. ஒலிச் சாதனத்தின் பெயரில் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடிஸ். அங்கே வென் 10ஈசி, டெவ் 0897 என்று இருந்தது. முதல் எண் ரியல்டெக் நிறுவனத்தைக் குறிப்பது, இரண்டாவது ஏ.எல்.சி. 897 என்ற சிப். அட்டைப்பெட்டி என்ன சொன்னாலும் இந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். இதைப் பார்த்த பிறகு டிரைவர் தேடியிருந்தால் அந்த இரண்டு நாள் வீணாகியிருக்காது.

இணையத்தைத் துண்டித்தேன். தவறான டிரைவரை நீக்கும்போது, டிரைவர் கோப்பையும் அகற்றும்படி கேட்கும் கட்டத்தில் டிக் செய்தேன். மறுதொடக்கம், மதர்போர்டின் அடிப்படைச் சிப்களுக்கான சிப்செட் டிரைவர், மறுதொடக்கம், எங்கள் போர்டு பதிப்புக்கான சவுண்ட் டிரைவர், இன்னொரு மறுதொடக்கம். அதன் பிறகே இணையம். இடையில் இணையம் இருந்தால் இயங்குதளம் தானே ஒரு டிரைவரை இறக்கிவிடும். பழையதும் புதியதும் கலந்துவிடும். டி.சி.எச். என்ற புது வகை டிரைவருக்குக் கட்டுப்பாட்டுச் செயலி தனியாக வருகிறது. டிரைவர் பழைய வகையாக இருந்தால் அந்தச் செயலி ஆர்.பி.சி. சேவையோடு (நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி) இணைய முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும்.

குரல் வந்துவிட்டது. முன்பக்க ஹெட்போன் மட்டும் அப்போதும் ஊமைதான். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கேபினெட்டிலிருந்து வந்த ஒரே கேபிளின் நுனியில் இரண்டு தலைகள்: ஒன்றில் பழைய வரையறையான ஏ.சி. 97, மற்றதில் எச்.டி. ஆடியோ என்று பொறித்திருந்தது. நான் செருகியிருந்தது முதலாவது. மதர்போர்டில் அதைச் செருகும் இடத்தில் 10 இடங்களில் 9 பின்கள், எட்டாவது இடம் காலி. இரண்டு தலைகளுமே அதில் கச்சிதமாக உட்காரும். பழைய தலையைச் செருகினால் ஹெட்போன் மாட்டியிருப்பதை மதர்போர்டு உணராது. தலையை மாற்றிச் செருகியதும் ஹெட்போன் பேசியது. டிரைவரை மாற்றத் தொடங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

இந்த 16 மாதங்களில் அண்ணனை மிகவும் வருத்தியது, வாக்கியத்தின் தொடக்கம் விழுங்கப்பட்டதுதான். 'அஞ்சல்' என்பது 'சல்' என்று கேட்கும். எழுத்து எழுத்தாக நகர்ந்து கடவுச்சொல்லைச் சரிபார்க்கும்போது ஒற்றை எழுத்து முழுதாகவே காணாமல் போகும். சிறிது நேரம் ஒலி இல்லாவிட்டால் மின்சாரத்தைச் சேமிக்கச் சிப் உறங்கிவிடுகிறது. அது விழிப்பதற்குள் முதல் அசை போய்விடுகிறது. என்.வி.டி.ஏ.வின் புதிய பதிப்பில் பேச்சு முடிந்த பிறகும் ஒலிச் சாதனத்தை விழிப்பில் வைத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கூட்டினோம், தீர்ந்தது.

ஒருமுறை அப்டேட்டுக்குப் பிறகு குரல் கரகரத்தது. டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் கொடுத்து முந்தைய டிரைவருக்குத் திரும்பினேன். முன்பக்க மைக்கில் மெல்லிய இரைச்சல் இன்னும் இருக்கிறது. பேச வேண்டுமானால் அண்ணன் பின்பக்க இளஞ்சிவப்புத் துளையைத்தான் பயன்படுத்துகிறார். திரைவாசிப்புக்கு ஏ.எல்.சி. 897 தாராளமாகப் போதும். விலை உயர்ந்த சவுண்ட் கார்டு தேவையே இல்லை.

அவசரத்துக்கு வாங்கி வைக்க வேண்டியது விரல் அளவுள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்றுதான். சாதாரண வகைக்கு விண்டோஸிலேயே டிரைவர் இருப்பதால் செருகியதும் பெரும்பாலும் பேசிவிடும். அண்ணனுடையது மேசையின் இடது இழுப்பறையில், அவருடைய ஹெட்போன் செருகிய நிலையிலேயே இருக்கிறது. கரகரப்பு வந்த அன்று நான் ஊரில் இல்லை. நான் திரும்பி வரும் வரை அதைச் செருகிக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் அவரே தன் வங்கிக் கணக்கைப் பார்த்திருக்கிறார்.