அலுமினிய டேங்க் என்று சொல்லி ஃபைபரைத் தலையில் கட்டினான்: பழைய ரேஸ் பைக் கட்டுபவர்கள் கவனம்

86,000 ரூபாய். கையால் அடித்த அலுமினிய பெட்ரோல் டேங்க் ஒன்று, சேம்பர் சைலன்சர் ஒரு ஜோடி. இவற்றுக்காக நான் கொடுத்த பணம் அது. வந்து இறங்கியது பிரைமர் பூசிய ஃபைபர் டேங்கும், ஒன்றுக்கொன்று நீளம் பொருந்தாத இரண்டு சைலன்சரும். கேட்கப் போனால் சாக்கு, அப்புறம் மௌனம், இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டான். அதே விளம்பரம் இன்று காலையிலும் அந்த இணையச் சந்தையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்தவர் யாராவது பணம் அனுப்புவதற்குள் இது கண்ணில் பட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

விற்றவன் பெயரையும் சந்தையின் பெயரையும் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கும்போது பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். பழைய வண்டிகளையும் சாமான்களையும் தனியாட்கள் விற்கிற ஒரு சந்தை. அதில் பழைய ரேஸ் சாமான்கள் ஆர்டரின் பேரில் செய்து தரப்படும் என்று போட்டிருக்கும் ஒருவன். இந்த உலகத்தில் தேடுகிறவர்களுக்கு இது போதும்.

நான் கட்டிக்கொண்டிருப்பது யமஹா டிஆர் 3-இன் ரெப்ளிகா. 1972-இல் அமெரிக்காவின் டேடோனா 200 பந்தயத்தில், 750 சிசி வண்டிகளுக்கு நடுவே டான் எம்டி ஜெயித்தாரே, அந்த 350 சிசி வண்டி. டூ ஸ்ட்ரோக் ஒன்று அந்தப் பந்தயத்தை ஜெயித்தது அதுதான் முதல்முறை. ஒரிஜினல் நம் கைக்கு எட்டாது. ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு வழி இருக்கிறது, ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் இங்கே கொண்டுவந்த வடிவம் அது. அதன் போர் (சிலிண்டர் விட்டம்) 64 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 54, மொத்தம் 347 சிசி. டிஆர் 3-க்கும் அட்சரம் பிசகாமல் அதே அளவு. இரண்டுமே காற்றில் குளிரும் இரட்டை சிலிண்டர். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ஆர்டி 350-கள் கூவிக்கொண்டு போனதை மாமாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவன் நான். இந்த வண்டியைக் கட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை.

வீட்டு போர்டிகோவில்தான் வேலை நடக்கிறது. ஃபிரேமை வெறுமையாக்கித் சாமான் மாட்டுகிற தேவையில்லாத காதுகளை எல்லாம் அறுத்தாயிற்று. கிளிப்-ஆன் ஹேண்டில்பார் பொருத்தியாயிற்று. பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட்டை லேத்தில் கடைந்து வாங்கினேன். சீட்டின் பின்கூம்பை நானே அச்சு எடுத்து ஃபைபரில் வார்த்தேன். ஆனால் இரண்டு வேலைகள் வீட்டில் நடக்காது. ஒன்று அலுமினிய டேங்க். தகட்டைச் சூடுகாட்டி இளக்கி, மணல் மூட்டையில் வைத்து மரச் சுத்தியால் துண்டு துண்டாக அடித்து வளைத்து, ஆர்கான் வெல்டிங்கில் சேர்த்து, காற்றடித்துக் கசிவு பார்க்க வேண்டும். இன்னொன்று சேம்பர். டூ ஸ்ட்ரோக்கில் அது வெறும் புகைக்குழாய் கிடையாது. விரிகிற கூம்பு சிலிண்டரிலிருந்து புகையை இழுக்கும், சுருங்குகிற கூம்பு அழுத்த அலையைத் திருப்பியனுப்பி, வெளியே வழிந்துபோகிற பெட்ரோல் கலவையை மறுபடி உள்ளே தள்ளும். எந்த வேகத்தில் அந்த அலை திரும்பி வருகிறது என்பதை முடிவு செய்வது நீளம். இது நினைவில் இருக்கட்டும், கீழே வரும்.

அவனிடம் முதன்முதலில் பேசியபோது அவன் விலையைப் பேசவில்லை. "அண்ணே, உங்களுது எச்டியா, எல்டியா?" என்று கேட்டான். இந்தக் கேள்வியின் அருமை ராஜ்தூத் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். முதலில் வந்தது எச்டி (ஹை டார்க்), 30.5 குதிரைத்திறன். பிறகு மைலேஜுக்காக அடக்கி விட்டது எல்டி (லோ டார்க்), 27. இரண்டுக்கும் ஒரே சேம்பர் என்று சொல்கிறவனுக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம். இவன் கேட்டுவிட்டுத்தான் மேலே பேசினான். "எக்ஸாஸ்ட் போர்ட் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அளந்து சொல்லுங்கண்ணே, அதுக்கு ஏத்தாப்ல கூம்பு வெட்டுறேன்" என்றான். சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் துளைதான் அந்த போர்ட். "ரேஸ் டேங்க்ல நடுவுல தடுப்பு வைக்கணும்ணே, இல்லன்னா பிரேக் புடிக்கிறப்ப பெட்ரோல் மொத்தமா முன்னாடி அடிக்கும்" என்றான். ஃபிரேமின் நடுக்குழாய்க்கு அட்டையில் அச்சு வெட்டி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அட்டை வெட்டினேன். நம்மிடம் வேலை வாங்குகிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

முன்பணம் 40,000 அனுப்பினேன். சில நாளில் வீடியோ வந்தது. மணல் மூட்டை, மரச் சுத்தி, பளபளக்கும் தகடு. முகம் தெரியாது, கை மட்டும்தான். அப்புறம் முடிந்த டேங்க்கின் படம், அதன் மேல் ஒரு தாளில் என் பெயரும் தேதியும். காந்தத்தை டேங்க்கில் வைத்து விடுகிற வீடியோ ஒன்றும் வந்தது. காந்தம் ஒட்டாமல் விழுந்தது. "பாத்தீங்களாண்ணே, இரும்பு கலப்பே கிடையாது." பாக்கி 46,000-ஐயும் அனுப்பினேன். வெறும் தகடாகவே அனுப்பு தம்பி, பெயிண்ட் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "லாரில கீறல் விழுந்துரும்ணே, பிரைமர் ஒரு கோட் அடிச்சிடுறேன், காசு வேணாம்" என்றான். அந்த இலவச பிரைமர்தான் மொத்த ஏமாற்று வேலைக்கும் போர்வை.

லாரி ஆபீஸில் எல்ஆர் (லாரி ரசீது) காட்டி எடுத்து வந்து, சாக்கைப் பிரித்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். தகட்டில் தட்டினால் ஓர் ஓசை எழும்பி அடங்கும். இதில் சத்தம் செத்துப்போய் விழுந்தது. அடியில், வெளியே தெரியாத ஓர் ஓரத்தில், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சாம்பல் நிறப் பிரைமர் போனதும் வெள்ளி மின்ன வேண்டும். மின்னவில்லை. வெளிறிய பச்சையில் மாவு மாதிரித் தூள் கொட்டியது, ரெசின் வாடை குப்பென்று அடித்தது, கொஞ்ச நேரத்தில் விரலிடுக்கில் அரிப்பு. சீட் கூம்பு வார்த்தபோது வந்த அதே அரிப்பு. மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால் உள்ளே ஃபைபர் நார்கள் முடியைப்போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. வெல்டிங் தடம் எங்கும் இல்லை, சொன்ன தடுப்பும் இல்லை. காந்தம் அலுமினியத்தில் ஒட்டாது, சரி. ஃபைபரிலும்தான் ஒட்டாது. அந்த வீடியோவின் சூட்சுமம் அவ்வளவுதான்.

சைலன்சரை அளந்தேன். எஞ்சினோடு பொருத்துகிற ஃபிளேஞ்சிலிருந்து கடைசிக் கூம்பின் முனைவரை நூலை வைத்துப் பிடித்தால் இடது பக்கம் வலதைவிட 3 சென்டிமீட்டர் குட்டை. ஒரே எஞ்சினில் இரண்டு சிலிண்டரும் வேறு வேறு வேகத்தில் பவர் எடுத்தால் அந்த வண்டி எப்படி ஓடும்?

பணம் போன ஆத்திரம் ஒரு பக்கம். எனக்கு ரத்தம் கொதிப்பது வேறு காரணத்துக்காக. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் எத்தனாலில் ஊறினால் இளகிக் கரையும். கரைந்த பிசின் குழாய் வழியாக கார்புரேட்டருக்குப் போய், பெட்ரோல் போகிற சின்னத் துளையான மெயின் ஜெட்டை அடைக்கும். ரேஸ் வண்டி மாதிரி வேண்டும் என்று ஆயில் பம்ப்பை எடுத்துவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டுகிற அமைப்பு என்னுடையது. அதை அவனிடமும் சொல்லியிருக்கிறேன். ஜெட் அடைத்தால் பெட்ரோலோடு சேர்ந்து ஆயிலும் நின்றுபோகும். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி சீஸ் ஆகும், பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதுவும் தடத்தில் முழு வேகத்தில் போகும்போது. தொழில் தெரியாத ஒருவன் செய்திருந்தால் அறியாமை என்று விடலாம். எச்டியா எல்டியா என்று கேட்கத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா?

போன் செய்தேன். முதல் பதில்: "ஹேண்ட்மேட்னா முன்னப்பின்னதாண்ணே இருக்கும்." டேங்க் ஃபைபராக இருக்கிறதே என்றேன். "அந்தக் காலத்து ரேஸ் டேங்க் எல்லாம் ஃபைபர்தானண்ணே, நீங்க ஒரிஜினல் மாதிரிதானே கேட்டீங்க?" அந்தக் காலத்தில் பல ரேஸ் வண்டிகளில் ஃபைபர் டேங்க் இருந்தது உண்மை. அன்றைய பெட்ரோல் வேறு. அதைவிட முக்கியம், நான் பணம் கொடுத்தது அலுமினியத்துக்கு. அவனே சாட்டில் எழுதியிருக்கிறான், கையால் அடித்த அலுமினியம் என்று. ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியதும் பட்டறையில் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது, வேலையாள் மாற்றி அனுப்பிவிட்டான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நாளுக்கொரு கதை. பிறகு, "இப்படிக் கோவமா பேசுனா நான் ஒண்ணும் பண்ண முடியாது." அதன்பின் பிளாக்.

தங்கையின் போனிலிருந்து புது ஆள் மாதிரி அழைத்துப் பார்க்கச் சொன்னேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான். மரியாதையாக, பொறுமையாக, அதே குரல்: "அக்கா, வண்டி எச்டியா, எல்டியா?"

சந்தைக்காரர்களிடம் புகார் கொடுத்தேன். பணம் எங்கள் வழியாகக் கட்டப்படவில்லை, வாங்குபவர் விற்பவர் விவகாரத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஓர் இயந்திர பதில், புகார் முடித்துவைக்கப்பட்டது. விளம்பரத்துக்குக் காசு வாங்கும்போது மட்டும் பொறுப்பு உண்டா? வங்கியில், "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க சார்" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டார்கள். ஸ்டேஷனில் எழுத்தர் டேங்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொருள் வந்துருச்சுல்ல? அப்ப இது சிவில் மேட்டர்" என்றார். 86,000 ரூபாய் கொடுத்தவன் நான், ஒவ்வொரு மேசையிலும் நின்று விளக்கம் சொல்கிறவனும் நான். அவன் வீட்டில் உட்கார்ந்து அடுத்த ஆளிடம் போர்ட் உயரம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

டேங்க் வாங்குவது பற்றி விரிவாக, படத்தோடு எழுதலாம் என்று நினைத்தேன். இப்போது மனம் ஓடவில்லை. தோன்றுவதைச் சொல்கிறேன்.

பிரைமர் அடித்த டேங்க்கை வாங்காதீர்கள், எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும் சரி. பதிவு செய்த வீடியோவை நம்பாதீர்கள், வீடியோ காலில் வரச் சொல்லி, மூடியைத் திறந்து உள்பக்கம் காட்டச் சொல்லுங்கள், வாயின் உள்விளிம்பை ஆணியால் கீறச் சொல்லுங்கள். காந்தம் எதையும் நிரூபிக்காது. பாக்கியைப் பொருளைக் கையில் வாங்கி அளந்த பிறகே கொடுங்கள், அல்லது அந்த ஊரில் தெரிந்தவர் யாரையாவது நேரில் அனுப்புங்கள். பில் தரமாட்டேன் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால் அந்தப் பணத்தை எதிராளியின் கணக்கில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, உங்கள் சொந்த மாவட்டத்திலேயே போடலாம். நான் அங்கேதான் போகிறேன்.

அவனிடமிருந்து இந்த டேங்க் ஏற்கெனவே யாருக்காவது வந்திருந்தால் தயவுசெய்து அதில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். அடியில் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். பச்சைத் தூள் கொட்டினால் எல்ஆர், சாட், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவிட்டு எனக்குத் தெரிவியுங்கள். இரண்டு மூன்று பேர் ஒன்றாகப் போய் நின்றால் சிவில் மேட்டர் என்று சொல்லி அனுப்பிவிட முடியாது.