புதினாவா கொத்தமல்லியா, தொட்டியில எதை வைக்கலாம்?

முதல் தடவை செடி வைக்கிறவங்களுக்கு நான் புதினாவைத்தான் சொல்வேன், ஒரு தண்டை ஒடிச்சு கீழ் இலையெல்லாம் கிள்ளிட்டு தண்ணி கிளாஸ்ல போட்டா ஒரு வாரம் பத்து நாள்ல கணுவுல நூல் மாதிரி வெள்ளை வேர் எட்டிப்பாக்கும், அப்படியே மண்ணுல நட்டுடலாம். அரை நிழலும் ஈரமும் போதும். ஆனா தனித் தொட்டி கட்டாயம், இல்லன்னா ஓடுதண்டு விட்டு பக்கத்து செடியை அமுக்கிடும்.

கொத்தமல்லி அப்படி இல்ல. விதையை லேசா தேச்சு ரெண்டா உடைச்சு நேரா தொட்டியிலயே தூவணும், ஆணிவேருங்கிறதால பிடுங்கி நட்டா வாடிடும், வெயில் ஏறினா சீக்கிரமே பூத்துடும். அதுக்காக பிடுங்கி எறிஞ்சிடாதீங்க ப்ளீஸ், அந்தப் பூதான் மல்லி விதையாகும்! காயவெச்சு டீ போட புதினா நல்லது, கொத்தமல்லி இலை காஞ்சா வாசமே போயிடும், பச்சையா கடைசியில தூவினாத்தான் மணம்.