கடலோரப் பள்ளியில் ஓர் எழுத்துப் பெட்டி: வாங்கலாமா?

எழுத்துகளைக் கற்பிக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கென்று விற்கப்படும் எழுத்துப் பெட்டிகளைத் திறந்தால் வண்ணம் இருக்கும், விளையாட்டு இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு காலை ஒன்பதரை மணிக்கு வகுப்பில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருக்காது. மதுரையில் தயாராகும் இந்தப் பெட்டியில் அது இருக்கிறது. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே ஒரு மீனவக் கிராமத்தின் ஈராசிரியர் பள்ளியில், ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்தும் நான், இதை ஒரு கல்வியாண்டு முழுவதும் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். விலை மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு; முன்னாள் மாணவர் ஒருவர் வாங்கிக் கொடுத்தார். ஏறக்குறைய இதே உள்ளடக்கத்துடன் பல பெயர்களில் பெட்டிகள் கிடைப்பதால், பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எங்கள் வகுப்பில் காதொலிக் கருவி அணிந்த ஒரு சிறுமியும், பார்வைக் குறைவுள்ள ஒரு சிறுவனும், மூளை முடக்குவாதத்தால் விரல்களை எளிதில் விரிக்க முடியாத ஒரு குழந்தையும் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கிறார்கள். எந்தச் சான்றிதழும் இல்லாமல், எழுத்தைப் பார்த்தாலே தலை குனிந்துகொள்ளும் இரண்டு மூன்று பேரும் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே பட்டியலிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கி, வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் மட்டும் தடுமாறும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும்’ அதில் சேர்த்தது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்காக வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் இருக்கும் நாள்களில் எங்களுக்குத் தெம்பு கூடும். ஆனால் அவர் பல பள்ளிகளுக்குப் போக வேண்டியவர். மற்ற நாள்களில் வகுப்பாசிரியர்தான் எல்லாமும். ஆகவே இத்தகைய பெட்டியை மதிப்பிடும்போது, அது ஆசிரியரின் சுமையை இறக்குகிறதா ஏற்றுகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

அந்த அளவுகோலில் பெட்டியின் மிகச் சிறந்த பொருள் அதன் கையேடு. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகளை அவர்கள் கற்றிருக்கும் அளவுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்திப் பழகியவர்களுக்கு அதன் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே பக்கம். அந்தப் பக்கத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான ஒரு செயல்பாடும், அதையே கண்ணால், காதால், கையால் செய்வதற்கான மாற்று வழிகளும் தரப்பட்டிருக்கின்றன. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்குத் தனியாக ஒரு மூலையும் தனியாக ஒரு தாளும் கொடுத்து ஒதுக்கிவிடும் வழக்கத்துக்கு இதில் இடமே இல்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசக்கூடாது, எழுதி முடித்துத் திரும்பி நின்று முகம் தெரியும்படி பேச வேண்டும் என்பது போன்ற சிறு குறிப்புகள், பயிற்சி வகுப்புகளில் காதில் விழுந்து மறந்து போனவை, பாடத்துக்குப் பாடம் உரிய இடத்தில் நினைவூட்டப்படுகின்றன. குறை ஒன்று உண்டு. ‘உதவி ஆசிரியர் இரண்டாம் குழுவைக் கவனிக்கட்டும்’ என்று கையேடு அடிக்கடி சொல்கிறது. ஈராசிரியர் பள்ளியில் அந்த உதவி ஆசிரியர் யார்? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு சமாளிக்கிறோம். அதைக் கையேடே சொல்லியிருக்கலாம்.

அடுத்ததாகச் சொல்ல வேண்டியது உயிர்மெய்ச் சட்டம். மரத்தாலான ஒரு நீள்சட்டத்தின் நடுவில் மெய்யெழுத்துக்கான குழியும், அதன் இடத்திலும் வலத்திலும் மேலும் கீழும் குறிகளைச் செருகுவதற்கான பள்ளங்களும் இருக்கின்றன. தமிழில் படிக்கத் தொடங்கும் குழந்தை இடறும் இடங்களில் முக்கியமானது, ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் மாறி நிற்கும் இடம்: ‘கெ’ என்னும்போது ககரம் முதலில் ஒலிக்கிறது, ஒற்றைக்கொம்போ அதற்கு முன்னால் நிற்கிறது, ‘கொ’ என்றால் ஒரே உயிரொலி எழுத்தின் இரு பக்கமும் பிரிந்து கிடக்கிறது. தலை குனிந்துகொள்ளும் பிள்ளைகளில் ஒருவன் ‘கொக்கு’ என்பதை ஆண்டுத் தொடக்கத்தில் ‘கெ’, ‘கா’ என்று துண்டுதுண்டாக வாசிப்பான். சட்டத்தில் அவனே ககரத்தை முதலில் வைத்து, ஒரு கையால் கொம்பையும் மறு கையால் துணைக்காலையும் ஒரே நேரத்தில் இரு பக்கமிருந்து தள்ளி, அவை பொருந்தும் ‘டக்’ ஓசையோடு ‘கொ’ என்று சொல்லிப் பழகினான். இப்போது சட்டம் இல்லாமலே, வாசிக்கும் முன்பு இரு ஆள்காட்டி விரல்களையும் அந்த எழுத்தின் இரு பக்கமும் வைத்துக்கொள்கிறான். ‘கெ’க்கும் ‘கே’க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட ஒற்றைக்கொம்பை ஒரு நிறத்திலும் இரட்டைக்கொம்பை வேறு நிறத்திலும் செய்திருப்பதும் நல்ல யோசனை. விரல் விரிக்க முடியாத குழந்தைக்கு இந்தத் துண்டுகள் மெல்லியவை. பின்புறம் தண்ணீர் பாட்டில் மூடிகளை ஒட்டியதும் பிடிப்பு கிடைத்துவிட்டது.

எழுத்துகளை அறிமுகப்படுத்தும் வரிசையில் எனக்கு ஒரு வாதம் உண்டு. வடிவத்தின் எளிமை கருதி ட, ப, ம என்று தொடங்குகிறார்கள். கை பழகாத குழந்தைக்கு அது சரியான தொடக்கம்தான். ஆனால் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தைக்குப் பகரமும் மகரமும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டுக்கும் உதடுகள் மூடித் திறக்கின்றன. ‘பாலை’, ‘மாலை’ என்று நான் சொல்ல, எங்கள் சிறுமி இரண்டு முறையும் ஒரே அட்டையை எடுத்தாள். கையேட்டில் இதற்குத் தீர்வு இல்லை. சிறப்பாசிரியர் சொல்லித் தந்தபடி அவள் விரலை அவளுடைய மூக்கின் மேல் வைத்து இரண்டையும் சொல்ல வைத்தோம். மகரத்துக்கு மூக்கு அதிர்கிறது, பகரத்துக்கு அதிர்வதில்லை. மறுநாள் வகுப்பு முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘மாலை’ சொல்லிப் பார்த்து, வராமல் சிரித்துக்கொண்டிருந்தது. ல, ள, ழ மூன்றையும் தனித்தனிப் பாடங்களாக இடைவெளி விட்டு வைத்திருப்பது பாராட்டத்தக்கது. நாவின் நுனி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் வெட்டுமுகப் படங்கள் மட்டும் ஆசிரியருக்கே தலை சுற்ற வைக்கின்றன.

பொருள்களின் தரத்துக்கு வருகிறேன். விரலால் தடவிப் பழகும் உப்புத்தாள் எழுத்துகள், உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 அட்டைகள். சொரசொரப்பு அளவாக இருக்கிறது, விரலைக் காயப்படுத்துவதில்லை. ஆனால் இவற்றைச் செய்தவர்கள் கடற்காற்றை அறியாதவர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பசை ஈரம் கோத்து ஓரங்கள் எழும்பத் தொடங்கின. அட்டைகளைக் கோத்திருந்த இரும்பு வளையம் துருப்பிடித்து ‘அ’வையும் ‘ஆ’வையும் கறைப்படுத்திவிட்டது. வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நைலான் கயிறு கட்டுவதையும், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பதையும் கரையோரப் பள்ளிகள் முதல் நாளிலேயே செய்துவிட வேண்டும். பெரிய எழுத்து வாசிப்பு அட்டைகளில் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, நல்ல இடைவெளி. ஆனால் மேலே ஒட்டியிருக்கும் பளபளப்புத் தாள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. பார்வைக் குறைவுள்ள மாணவனுக்குச் சாய்பலகையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பி வைத்த பிறகே எழுத்து தெரிந்தது. பளபளப்பில்லாத உறை போடுவது தயாரிப்பாளருக்குப் பெரிய செலவாக இருக்காது.

பட அட்டைகளில் ‘ஓ’வுக்கு ஓநாய் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் ஓநாயைக் கண்டதில்லை. ஓலையை நாள்தோறும் மிதித்துக்கொண்டு வருகிறார்கள். நல்லவேளையாக வெற்று அட்டைகளும் சில தந்திருக்கிறார்கள். அவற்றில் ஆவுளியா என்னும் கடற்பசு, நண்டு, வத்தை என்னும் படகு, சங்கு என்று பிள்ளைகளே வரைந்தார்கள், ஆவுளியாவுக்கு மட்டும் மூன்று பேர் மூன்று விதமாக. சங்கு அட்டை இன்னொரு குறையை வெளிக்கொண்டு வந்தது. கைப்பேசியில் கேட்கும் ஒலிப்பதிவுகள் ‘க’வுக்கு ஒரே ஒலியைத்தான் தருகின்றன. கடலில் வருவது ஒன்று, சங்கில் வருவது ஒன்று, மகனில் வருவது வேறொன்று. எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசிக்கும் குழந்தை இந்த இடத்தில் தடுமாறும்போது ஆசிரியருக்குக் கையேட்டில் ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும். மற்றபடி ஒலிப்பதிவு தெளிவாக இருக்கிறது. ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால் பிறகு இணையம் தேவையில்லை.

வாங்கலாமா என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு: மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்துபவர்கள் தயங்காமல் வாங்கலாம். முழுப் பெட்டிக்குப் பணம் போதவில்லையென்றால் கையேட்டையும் உயிர்மெய்ச் சட்டத்தையும் மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள், தருகிறார்கள். உப்புத்தாள் எழுத்துகளைக் கடையில் தாள் வாங்கிப் பிள்ளைகளின் அம்மாக்களோடு உட்கார்ந்து ஒரு பிற்பகலில் நாமே வெட்டி ஒட்டிவிடலாம், பசையையும் நம் ஊருக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கலாம். சட்டத்தின் துண்டுகளில் முதலில் தொலைவது துணைக்கால்தான். உதிரித் துண்டுகளைக் கட்டணம் பெற்று அஞ்சலில் அனுப்புகிறார்கள். பெட்டியோடு சேர்த்தே ஒரு கூடுதல் கட்டுக்குச் சொல்லிவிடுவது நல்லது.