அபகரிப்பா, கையாடலா?

‘நில அபகரிப்பு’, ‘சங்கப் பணம் கையாடல்’ என்று செய்திகளில் படிக்கிறோம். இரண்டு சொற்களையும் இடம் மாற்றிப் போட்டால் உறுத்தும். அடுத்தவர் சொத்து எப்படிக் கைக்கு வந்தது என்பதில்தான் வேறுபாடு.

அபகரிப்பில், போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம், மிரட்டல் என ஏதோ ஒரு வழியில் உரியவரிடமிருந்து பறிக்கிறார்கள். தமிழகக் காவல்துறையில் 2011-இல் நில அபகரிப்புக்கென்றே தனிப்பிரிவுகள் வந்தன. (புறம்போக்கை வளைத்துப் போட்டால் அது ஆக்கிரமிப்பு.)

கையாடலில் பணத்தை நாமே நம்பி ஒப்படைக்கிறோம். கோயில் கணக்கு, கடைக் கல்லா, சங்க நிதி. பூட்டு எதுவும் உடைவதில்லை. அதனால் வெளியே தெரியவே நாளாகும். ‘அவசரத்துக்கு எடுத்தேன், திருப்பி வைக்கத்தான் இருந்தேன்’ என்ற சமாதானமும் எடுபடாது. கொஞ்ச காலத்துக்கு மட்டும் நேர்மையின்றிப் பயன்படுத்தினாலும் குற்றமே என்று இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு விளக்குகிறது. நம்பி ஒப்படைத்ததில் கைவைத்தால் 316-ஆம் பிரிவு: 5 ஆண்டு வரை சிறை. அரசு ஊழியர் தன் பொறுப்பில் இருந்ததைக் கையாடினால் ஆயுள் தண்டனைகூடக் கிடைக்கலாம்.

இந்தக் கடுமை சரி என்றே நினைக்கிறேன். பறிப்பவனிடம் எச்சரிக்கையாக இருக்க முடியும்; நாம் நம்பியவரிடம் எப்படி இருப்பது?

அப்புறம், வாங்கிய கடனைத் திருப்பித் தர முடியாமல் திணறுபவரை இந்த இரண்டு சொற்களாலும் ஏசுவது தவறு. அவர் எதையும் பறிக்கவில்லை, ஒப்படைத்த பொருளைக் கையாடவும் இல்லை.