பாட்டு ஏறாத பிளேயர்: ஐடியூன்ஸா, எம்டிபியா, வெறும் டிரைவா?

பிளேயரைக் கணினியில் செருகுகிறீர்கள். சார்ஜ் ஏறுகிறது, பாட்டு ஏறவில்லை. சிங்க் (கணினியில் உள்ளதைப் பிளேயரோடு ஒத்துப்போகச் செய்வது) கொடுத்தால் பட்டை கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறது. இல்லையென்றால் 'முடிந்தது' என்று காட்டுகிறது. பிளேயரில் போய்ப் பார்த்தால் பழைய பாட்டுகள்தான் இருக்கின்றன. பலரும் உடனே செய்வது, சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போடுவது. அதில் சரியாவதும் உண்டு. ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை நின்றால் மறுபடி அதே கூத்து.

பாட்டைப் பிளேயருக்குள் கொண்டுபோக மூன்று வழிகள் உண்டு. ஐடியூன்ஸ் மாதிரி எல்லாவற்றையும் தானே நிர்வகிக்கும் மென்பொருள் ஒன்று. எம்டிபி (மீடியா டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால்) என்ற பரிமாற்ற முறை இன்னொன்று. பென் டிரைவ் போலத் திறந்துகொள்ளும் டிரைவ் முறை மூன்றாவது. எது நல்லது என்று கேட்பதற்கு முன், பாட்டுப் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பழுது எங்கே என்பது சீக்கிரம் பிடிபடும். முதல் வழியில் பட்டியலைக் கணினி எழுதுகிறது. இரண்டாவதில் கணினி கேட்கிறது, பிளேயர் பதில் சொல்கிறது. மூன்றாவதில் கணினி ஃபைலைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பட்டியலைப் பிளேயரே தயாரித்துக்கொள்கிறது.

மூன்றுக்கும் பொதுவான சோதனை

எந்த வழியாக இருந்தாலும் முதலில் கேபிள். சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜ் செய்ய மட்டும் என்று வரும் மலிவான கேபிள்களில் தகவல் கம்பிகளே இருக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கேபிளின் முனை உங்கள் போனுக்குப் பொருந்துமானால் அதே கேபிளில் போனைச் செருகி, ஃபைல் திறக்கிறதா என்று பார்த்துவிடலாம். பழைய ஐபாடின் 30 பின் கேபிள் என்றால் அந்த வசதி இல்லை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரை (கணினியோடு இணைந்த கருவிகளின் பட்டியல்) திறந்து வைத்துக்கொண்டு செருகுங்கள். பட்டியல் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு ஏதாவது ஒரு வரி கூடினால் கேபிளும் போர்ட்டும் வேலை செய்கின்றன. ஒரு அசைவும் இல்லை என்றால் எந்த மென்பொருளையும் குறை சொல்லிப் பயனில்லை. கேபிளை மாற்றுங்கள், ஹப்பைத் தவிர்த்துவிட்டுக் கணினியின் போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள். பேட்டரி அடியோடு தீர்ந்துபோன பிளேயரை அரை மணி நேரம் சார்ஜில் விட்டுவிட்டுப் பார்ப்பதும் நல்லது.

ஐடியூன்ஸ் வழி: எல்லாம் செய்யும், எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக்கொள்ளும்

வசதி என்று பார்த்தால் இதற்கு இணை இல்லை. பிளேலிஸ்ட், ரேட்டிங், எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டீர்கள் என்ற கணக்கு, பாட்காஸ்டை எங்கே நிறுத்தினீர்கள் என்பது வரை இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். மற்ற இரண்டு வழிகளும் இந்த விஷயத்தில் பக்கத்தில்கூட வர முடியாது.

அதற்கு விலை, பட்டியல் கெட்டால் எல்லாம் கெடும். பழைய ஐபாடை டிரைவாகத் திறந்து மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொன்னால் ஐபாட்_கன்ட்ரோல் என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் மியூசிக், அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். பாட்டுகள் அங்கேதான் இருக்கின்றன, ஆனால் அர்த்தமில்லாத நான்கெழுத்துப் பெயர்களில். எது எந்தப் பாட்டு என்பது ஐடியூன்ஸ்டிபி என்ற தனி ஃபைலில் எழுதப்பட்டிருக்கும். நீங்களாக ஒரு பாட்டை அந்த ஃபோல்டரில் போட்டால் ஐபாடுக்கு அது தெரியவே தெரியாது. சிங்க் நடுவில் அறுந்தால் நடப்பதும் இதேதான்: பாட்டு உள்ளே போயிருக்கும், பட்டியலில் ஏறியிருக்காது. அந்த இடம் முழுக்க 'மற்றவை' என்ற கணக்கில் காட்டும். 'மற்றவை' திடீரென்று பல ஜிபி வீங்கியிருந்தால் உங்கள் பிரச்சினை இதுதான். ரீஸ்டோர் செய்வது, அதாவது ஐபாடை முழுக்க அழித்துப் புதிதாக அமைப்பது தவிர நல்ல வழி இல்லை.

பட்டியல் நன்றாக இருந்தும் சில பாட்டுகள் மட்டும் போகவில்லை என்றால் காரணம் வேறு. பாட்டின் பக்கத்தில் ஆச்சரியக்குறி இருந்தால் ஃபைல் இடம் மாறியிருக்கிறது. ஐடியூன்ஸுக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்தால் போதும். ஆப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்கிய பாட்டுகள் ஐபாட் கிளாசிக், நானோ, ஷஃபிள் ஆகியவற்றுக்குப் போகவே போகாது; அது பழுதில்லை, விதி. தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் ஃபைல்களும் ஐபாடுக்கு ஆகாது, ஆப்பிள் லாஸ்லெஸுக்கு மாற்றியாக வேண்டும்.

இன்னொரு குழப்பம், எந்த மென்பொருளைத் திறப்பது என்பதே. மேக்கில் 2019ல் வந்த கேட்டலினா பதிப்போடு ஐடியூன்ஸ் பிரிக்கப்பட்டு, சிங்க் வேலை ஃபைல்களைத் திறந்து பார்க்கும் ஃபைண்டருக்குப் போய்விட்டது. மியூசிக் செயலிக்குள் சிங்க் செட்டிங்ஸைத் தேடி அலைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விண்டோஸில் ஆப்பிள் டிவைசஸ் என்ற செயலியை நிறுவினால் சிங்க் பொறுப்பு அதற்கு மாறிவிடும். ஐடியூன்ஸ் பாட்காஸ்டுக்கும் ஒலிப்புத்தகத்துக்கும் மட்டும் மிஞ்சும். 'நேற்றுவரை ஐடியூன்ஸில் ஐபாட் தெரிந்தது, இன்று காணோம்' என்றால் இடையில் எதை நிறுவினீர்கள் என்று யோசியுங்கள்.

ஐபாட் வைத்திருப்பவர்களுக்கு என் ஆலோசனை, தானியங்கி சிங்கை விட்டுவிட்டு இசையைக் கைமுறையாக நிர்வகிக்கும் தெரிவுக்கு மாறுவது. இழுத்துப் போட்டது மட்டும் ஏறும். இந்த ஐபாட் வேறொரு லைப்ரரியோடு சிங்க் ஆகியிருக்கிறது, அழித்துவிட்டு சிங்க் செய்யட்டுமா என்ற கேள்வி வரும்போது அவசரத்தில் 'சரி' அழுத்திப் பாட்டை எல்லாம் தொலைக்கும் ஆபத்தும் குறையும்.

கணினி ஐபாடைக் கண்டுகொள்ளவே இல்லையா? வட்டச் சக்கரம் உள்ள மாடல்களில் ஹோல்டு பொத்தானைப் போட்டு எடுத்துவிட்டு, மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்துங்கள். சின்னம் வந்ததும் கையை எடுத்து உடனே நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் அழுத்தினால் டிஸ்க் மோடு வரும்; ஐபாட் வெறும் டிரைவாகத் திறக்கும். அப்போதும் விண்டோஸ் அதை ஃபார்மேட் செய்யச் சொன்னால், மேக்கில் ஃபார்மேட் செய்த ஐபாடாக இருக்கலாம். விண்டோஸில் ஃபார்மேட் செய்தது மேக்கிலும் திறக்கும். மேக்கில் செய்தது விண்டோஸில் திறக்காது.

நிர்வாகி மென்பொருளை நம்பியிருக்கும் பிளேயர்களின் நிரந்தர பலவீனம், நிறுவனம் கைவிட்டால் கருவியும் அநாதை. மைக்ரோசாஃப்டின் 'ஜூன்' (Zune) பிளேயர் 2006ல் வந்து 2011ல் நின்றுபோனது. பாட்டு ஏற்ற அதற்கென்று வந்த மென்பொருள்தான் வேண்டும். (அதே 'ஜூன்' பிளேயரின் 30 ஜிபி மாடல் 2008 டிசம்பர் 31 அன்று லீப் வருடக் கணக்குப் பிழையால் ஒட்டுமொத்தமாக உறைந்துபோனது. பேட்டரியைத் தீர விட்டு மறுநாள் போடுங்கள் என்பதுதான் அன்று சொல்லப்பட்ட தீர்வு. சில சமயம் குற்றம் கேபிள் மேலும் இல்லை, உங்கள் மேலும் இல்லை.)

எம்டிபி: பாதுகாப்பானது, ஆனால் மெத்தனம்

எம்டிபியில் கணினிக்கு டிரைவ் தெரியாது. 'என்ன வைத்திருக்கிறாய்?' என்று பிளேயரைக் கேட்கும், பிளேயர் ஒவ்வொன்றாகச் சொல்லும். நல்லது என்னவென்றால், நடுவில் கேபிளைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் ஃபைல் அமைப்பு சிதையாது. போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டோடு போய்விடும். கெட்டது, ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். ஆயிரக்கணக்கில் பாட்டு இருந்தால் ஃபோல்டர் திறக்கவே பச்சைப் பட்டை ஊர்ந்துகொண்டிருக்கும்.

இங்கே பழுது பெரும்பாலும் பிளேயரில் இருக்காது, கணினியின் பக்கம் இருக்கும். விண்டோஸில் 'என்' (N) பதிப்பு என்று ஒன்று உண்டு. மீடியா சம்பந்தப்பட்ட பகுதிகள் நீக்கப்பட்டது. அதில் எம்டிபி வேலை செய்யாது. மீடியா ஃபீச்சர் பேக்கைத் தனியாக நிறுவிக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பிடிபடாத பழுது இது. செட்டிங்ஸில் விண்டோஸ் பதிப்பின் பெயர் 'என்' என்று முடிகிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் ஒரு மாலைப்பொழுது மிச்சம். சாதாரணப் பதிப்பென்றால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்கும் எம்டிபி வரியை நீக்கிவிட்டுப் பிளேயரை மறுபடி செருகுவது பல நேரம் போதும். மேக்கில் எம்டிபி இயல்பாகக் கிடையாது. ஓப்பன்எம்டிபி மாதிரி தனிச் செயலி தேவை.

ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர்கள் செருகியதும் சார்ஜ் மட்டும் என்ற நிலையில்தான் நிற்கும். திரையின் பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்பை இழுத்து, ஃபைல் பரிமாற்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிரைவ் முறை: என் ஓட்டு இதற்குத்தான்

பிளேயரில் எம்எஸ்சி என்றோ மாஸ் ஸ்டோரேஜ் என்றோ தெரிவு இருந்தால், சிங்க் தகராறு செய்யும்போது முதலில் அதற்கு மாற்றிப் பாருங்கள். டிரைவ் எழுத்தோடு திறக்கும், ஃபோல்டரைக் காப்பி செய்தால் முடிந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் ஒன்றுதான். நடுவில் யாரும் இல்லாததால் பழுது வந்தாலும் எங்கே என்று தெரிந்துவிடும்: ஃபைல் டிரைவில் இருக்கிறதா, இல்லையா? இருந்தும் பிளேயர் காட்டவில்லை என்றால் அது பிளேயரின் பட்டியல் வேலை.

ஒரு எச்சரிக்கை. சான்டிஸ்க் சான்சா கிளிப் போன்றவற்றில் இரண்டு முறையும் உண்டு. எம்டிபியில் ஏற்றிய பாட்டு, எம்எஸ்சியில் செருகும்போது கணினிக்குத் தெரியாது. பிளேயரில் மட்டும் பாடும். காணோமே என்று மறுபடி ஏற்றி, ஒவ்வொரு பாட்டும் இரண்டிரண்டாக நிற்பது இப்படித்தான். ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். 'ஆட்டோ' என்ற தெரிவில் விடாதீர்கள்.

இந்த வழிக்கும் அதற்கான நோய்கள் உண்டு. பாதுகாப்பாக வெளியேற்றாமல் பிடுங்கினால் ஃபைல் அமைப்பு கெட்டு, அடுத்த முறை எழுதவே விடாது. டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் பிழை சோதனையை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய பிளேயர்கள் ஃபேட்32 என்ற பழைய ஃபைல் அமைப்பை மட்டுமே படிக்கும். ஆனால் விண்டோஸின் ஃபார்மேட் சாளரம் வெகுகாலமாக 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தெரிவையே காட்டியதில்லை. பெரிய கார்டை அதில் ஃபார்மேட் செய்தால் எக்ஸ்ஃபேட்டோ என்டிஎஃப்எஸ்ஸோ ஆகிவிடும், பிளேயர் கையை விரித்துவிடும். மேக்கிலிருந்து காப்பி செய்தால் புள்ளியும் அடிக்கோடும் சேர்ந்து தொடங்கும் குட்டி ஃபைல்கள் கூடவே வந்து, பிளேயரில் பாடாத பாட்டுகளாக நிற்கும். பயமில்லாமல் அழிக்கலாம். அழித்த பிறகு குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் இடம் பிளேயரிலேயே அடைந்து கிடக்கும்.

'லைப்ரரி புதுப்பிக்கிறது' என்ற இடத்தில் பிளேயர் உறைந்தால், ஏதோ ஒரு ஃபைலின் டேக் (உள்ளே எழுதியிருக்கும் தலைப்பு, ஆல்பம் போன்ற விவரம்) அதன் தொண்டையில் சிக்கியிருக்கிறது. பாதிப் பாட்டுகளைக் கணினிக்கு எடுத்துவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். ஓடினால் குற்றவாளி எடுத்த பாதியில் இருக்கிறது, ஓடாவிட்டால் இருக்கும் பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஆயிரம் பாட்டிலும் பத்தே சுற்றில் அந்த ஒன்று மாட்டும். டேகை ஐடி3வி2.3 வடிவத்தில் மறுபடி எழுதினால் பழைய பிளேயர்கள் சமாதானமாகின்றன. தமிழ்த் தலைப்பு கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மட்டும் டேகை நோண்டாதீர்கள். பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

மீடியாமங்கி, மியூசிக்பீ போன்றவை இந்த டிரைவ் முறைக்கு மேலேயே பிளேலிஸ்ட், தேர்ந்தெடுத்து ஏற்றுவது போன்ற வசதிகளைத் தருகின்றன. நல்ல சமரசம். ஃபோல்டரை அப்படியே ஒத்திசைக்கும் கருவிகள் ஒவ்வொரு தடவையும் எல்லாப் பாட்டையும் மறுபடி காப்பி செய்கின்றனவா? ஃபேட் அமைப்பு மாற்ற நேரத்தை இரண்டு வினாடிக்கு ஒன்றாகத்தான் குறிக்கும். அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் தெரிவு ஆர்சிங்க், ரோபோகாப்பி இரண்டிலும் இருக்கிறது.

வைஃபை சிங்க் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தினம் ஒன்றிரண்டு பாட்டு சேர்ப்பவருக்குச் சரி. முதல் முறை முழுத் தொகுப்பையும் ஏற்ற கேபிளோ கார்டு ரீடரோதான்.

ஐபாடையே டிரைவ் முறைக்குக் கொண்டுவரும் வழியும் உண்டு: ராக்பாக்ஸ் என்ற மாற்று ஃபர்ம்வேர், அதாவது பிளேயருக்குள்ளேயே ஓடும் மென்பொருள். 2001 முதல் வளர்ந்துவரும் திறந்த மூலத் திட்டம். போட்ட பிறகு ஐடியூன்ஸ் தேவையில்லை, ஃப்ளாக்கும் பாடும். ஐடியூன்ஸ் பிளேலிஸ்டை நம்பி இருப்பவருக்கு இது ஒத்துவராது; ஃபோல்டர் ஃபோல்டராகக் கேட்பவருக்குப் பொருத்தமாக இருக்கும்.

ராக்பாக்ஸோ ரீஸ்டோரோ, எதைத் தொடுவதற்கு முன்பும் அந்த ஐபாட்_கன்ட்ரோலுக்குள் இருக்கும் மியூசிக் ஃபோல்டரை முழுசாகக் கணினிக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள். ஐபாட் டச் டிரைவாகத் திறக்காது என்பதால் அதில் இது முடியாது. மற்றவற்றில், நான்கெழுத்துப் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். ஃபைலின் பெயர்தான் மாறியிருக்கிறது, உள்ளே இருக்கும் டேக் மாறவில்லை. ஏதாவது ஒரு மியூசிக் மென்பொருளில் அந்த ஃபோல்டரைச் சேர்த்தால் தலைப்பும் ஆல்பமும் பழையபடி வந்து நிற்கும்.